நூனியன் சிங்கின் நீண்ட பயணம்

முதல் திரைக்கதையில் அவன் பெயர் ஹெரால்ட் எரிக்சன். வட ஐரோப்பிய வம்சம், பழைய குற்றவாளி, உறைதூக்கத்தில் கிடந்தபடி ஒரு பாழடைந்த விண்கலத்தில் மிதப்பவன். கதை கேரி வில்பருடையது. அதைத் திருத்தி எழுதிய ஜீன் கூன் கையில் பெயர் ராக்னர் தோர்வால்ட் ஆனது. அப்புறம் அந்த வேடத்துக்கு மெக்சிகோக்காரர் ரிக்கார்டோ மான்டல்பான் வந்து சேர்ந்தார். நடிகரின் முகத்துக்குத் தோதாகப் பாத்திரத்தின் ஊரை மாற்றிவிட்டார்கள். கான் நூனியன் சிங் பிறந்தான். வட இந்தியன், அநேகமாகச் சீக்கியனாக இருக்க வேண்டும் என்று வசனம் சொல்கிறது. தலைப்பாகை கிடையாது, தாடி கிடையாது, முன்னால் ஒரு கான், பின்னால் ஒரு சிங். நம் ஊர்த் திருமண மண்டப வாசலில் இப்படி ஒரு பெயரை எழுதி வைத்தால் இரண்டு வீட்டாரும் உள்ளே வரத் தயங்குவார்கள். ஹாலிவுட்டில் யாருக்கும் உறுத்தவில்லை.

‘ஸ்பேஸ் சீட்’ என்ற அந்த எபிசோட், ‘ஸ்டார் ட்ரெக்’ தொடரின் முதல் பருவத்தில் 22ஆவது. மார்க் டேனியல்ஸ் இயக்கத்தில் 1966 டிசம்பரில் டெசிலு ஸ்டூடியோவில் 35 மி.மீ. பிலிமில் எடுத்தார்கள். பணம் குறைவு, யோசனை அதிகம். தரையிறங்கும் விண்கலத்தைக் காட்டச் செலவாகும் என்பதால், ஆட்களை மின்னி மறைய வைத்து வேறு இடத்தில் தோன்றச் செய்யும் ‘டிரான்ஸ்போர்ட்டர்’ தொடருக்குள் வந்தது. அந்த மினுக்கம் அலுமினியத் தூளைக் கொட்டிப் படம் பிடித்தது.

கதை 23ஆம் நூற்றாண்டில் நடக்கிறது. என்டர்பிரைஸ் கலம் விண்வெளியில் பழைய கலம் ஒன்றைக் காண்கிறது. உள்ளே தூங்குபவர்கள் 1990களில் பூமியிலிருந்து தப்பியவர்கள், மரபணுத் தேர்வால் உருவாக்கப்பட்ட மேல்மனிதர்கள். அவர்களின் தலைவன் கான், 1992 முதல் 1996 வரை பூமியின் கால்வாசிக்கு மேல் ஆண்டவனாம். விழித்ததும் அவன் என்டர்பிரைஸைக் கைப்பற்றுகிறான். திரையை இயக்க மறுக்கும் தகவல் தொடர்பு அதிகாரி உஹுராவை அவனுடைய ஆள் ஒருவன் அறைகிறான். அந்தக் கறுப்பினப் பெண்ணாக நடித்தவர் நிச்செல் நிக்கோல்ஸ். இவரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் என்.பி.சி. இதை ஒளிபரப்பியது 1967 பிப்ரவரி 16 அன்று. பின்னாளில் இந்த எபிசோட் வந்து சேர்ந்த திருவனந்தபுரத்தில் அப்போது டிவி கிடையாது. இந்தியாவிலேயே டெல்லியில் மட்டும்தான். ஆனால் ராக்கெட் இருந்தது. 1963 நவம்பர் 21 அன்று நகரத்தை ஒட்டிய தும்பா மீனவ கிராமத்திலிருந்து அமெரிக்காவின் நைக்-அப்பாச்சி ராக்கெட் கிளம்பி, சோடியம் ஆவியை வானத்தில் விட்டுச் சென்றது. புனித மகதலேனா மரியாள் தேவாலயம்தான் அப்போது அலுவலகம். ராக்கெட் பாகம் சைக்கிளில் போன புகைப்படம் உலகப் பிரசித்தம். எபிசோட் அமெரிக்காவில் ஒளிபரப்பான அதே 1967இல், நவம்பரில், இந்தியாவிலேயே செய்த 75 மி.மீ. விட்டமுள்ள ரோகிணி தும்பாவிலிருந்து பறந்தது. ஆக, இந்த ஊர்க்காரர்கள் விண்வெளியை முதலில் வேலையாகப் பார்த்தார்கள். கதையாகப் பார்க்க ரொம்ப வருஷம் ஆனது.

தும்பாவைத் தொடங்கிய விக்ரம் சாராபாய்க்கு டிவி மீது பெரிய நம்பிக்கை. செயற்கைக்கோள் வழியாகக் கிராமங்களுக்கு நேரடியாகப் பாடமும் விவசாயமும் சொல்லிக் கொடுக்கலாம் என்று 1969இல் நாசாவுடன் ஒப்பந்தம் போட்டார். 1971 டிசம்பர் 30 அன்று, திருவனந்தபுரத்துக்குப் பக்கத்திலேயே, கோவளத்தில் இறந்துபோனார். அந்தச் செயற்கைக்கோள் டிவிச் சோதனை 1975 ஆகஸ்ட் முதல் ஒரு வருடம் நடந்தது. ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்கள். கேரளமும் தமிழ்நாடும் அந்த ஆறில் இல்லை. கொழும்பில் ஆர்தர் சி. கிளார்க் வீட்டுக்கு மட்டும் இஸ்ரோ பொறியாளர்கள் போய் ஒரு ஆன்டெனா வைத்துக் கொடுத்தார்கள். இலங்கையில் அப்போது டிவி நிலையமே கிடையாது. புவிநிலைச் சுற்றுப்பாதையில் செயற்கைக்கோளை வைத்து உலகம் முழுக்கத் தகவல் அனுப்பலாம் என்று 1945இலேயே கட்டுரை எழுதியவர் அவர். மரியாதை சரியான வாசலுக்குத்தான் போனது.

எண்பதுகளின் தொடக்கத்தில் டிவி திருவனந்தபுரத்துக்கும் வந்தது. டெல்லி நிகழ்ச்சிகளை அஞ்சல் செய்யும் சிறிய டிரான்ஸ்மிட்டர். குடப்பனக்குன்னு நிலையத்திலிருந்து மலையாள நிகழ்ச்சிகள் 1985 ஜனவரி 1 முதல். டெல்லிப் படம் இவ்வளவு தெற்கே தடங்கலின்றி வரச் செயற்கைக்கோள் வேண்டும். முதல் இன்சாட்-1ஏ 1982 ஏப்ரலில் போய் செப்டம்பரிலேயே செயலிழந்தது. அடுத்தது இன்சாட்-1பி. 1983 ஆகஸ்ட் 30, நள்ளிரவு தாண்டிய நேரத்தில் ஃப்ளோரிடாவிலிருந்து சேலஞ்சர் விண்ணோடம் அதைச் சுமந்து கிளம்பியது. விண்ணோடம் இரவில் புறப்பட்டது அதுவே முதல் முறை.

இங்கேதான் நிச்செல் நிக்கோல்ஸ் திரும்ப வருகிறார். தொடர் முடிந்த பிறகு, விண்வெளி வீரர்களில் பெண்களும் கறுப்பினத்தவரும் ஏன் இல்லை என்று நாசாவையே மேடையில் கேட்டவர் அவர். நீயே ஆள் கொண்டு வா என்பதுபோல 1977இல் நாசா அந்த வேலையை அவரிடமே கொடுத்தது. பல்கலைக்கழகம் பல்கலைக்கழகமாகப் போய் விண்ணப்பம் போடச் சொன்னார். 1978 ஜனவரியில் அறிவித்த 35 பேரில் ஆறு பெண்கள், மூன்று கறுப்பினத்தவர். அந்த மூவரில் ஒருவர் கையன் ப்ளூஃபோர்ட். விண்வெளிக்குச் சென்ற முதல் ஆப்பிரிக்க அமெரிக்கர். அவர் போனது அதே சேலஞ்சர் பயணத்தில்தான். இன்சாட்-1பியை வெளியே அனுப்பும் வேலை அவர் பொறுப்பில் இருந்தது.

கதையில் அறை வாங்கிய அதிகாரி நிஜத்தில் ஆள் திரட்டப் போகிறார். அப்படித் திரண்ட கூட்டத்தில் ஒருவர் இந்தியாவின் செயற்கைக்கோளை விண்ணில் விடுகிறார். அந்தச் செயற்கைக்கோள் வழியாக நிக்கோல்ஸ் நடித்த தொடரே தெற்குக் கோடி வரை வருகிறது. நாவலில் எழுதினால் எந்த ஆசிரியரும் ‘ரொம்ப இடிக்கிறது’ என்று வெட்டிவிடுவார்.

எண்பதுகளின் நடுவில் ஞாயிறு காலைகளில் தூர்தர்ஷன் ‘ஸ்டார் ட்ரெக்’ போட்டது. டெல்லியிலிருந்து கிளம்பும் படம் 36,000 கிலோமீட்டர் மேலே ஏறி, அதே தூரம் இறங்கி, கால் நொடியில் ஊர் டிரான்ஸ்மிட்டருக்கு வந்து, அங்கிருந்து மொட்டை மாடி ஆன்டெனாவுக்குப் போகும். கூடவே ஒரு சின்ன வித்தியாசம்: சினிமா பிலிம் நொடிக்கு 24 சட்டம், நம் ஊர் டிவியின் ‘பால்’ (PAL) ஒளிபரப்பு முறைக்கு 25. பிலிமை அந்த வேகத்துக்கு ஓட்டினால் ஐம்பது நிமிஷ எபிசோட் இரண்டு நிமிஷம் முன்னதாகவே முடிந்துவிடும், குரல்களும் ஒரு பிடி உயரும். 1992இல் கால்வாசி உலகை ஆளப்போகும் இந்தியன் என்ற கற்பனை அந்த நாட்களில் கூப்பிடு தூரத்தில் இருந்தது என்பதும் வேடிக்கைதான். ஆங்கில வசனம் பிடிபடாதவர்களுக்கு என்டர்பிரைஸ் அதிகாரி ஸ்போக்கின் கூர்க்காது போதும். 1987 ஜனவரி 25 முதல் ஞாயிறு காலை ராமாயணத்துக்குப் போய்விட்டது. அதற்குப் பிறகு அந்த நேரத்தில் வேறு எந்தக் கலமும் பறக்க முடியவில்லை.

திருவனந்தபுரத்திலிருந்தே ஒருவர் விண்வெளிக்குப் போயிருக்க வேண்டியது. இன்சாட்-1சியோடு விண்ணோடத்தில் செல்ல இஸ்ரோ 1985இல் இரண்டு பேரைத் தேர்ந்தெடுத்தது. நாகபதி பட் முதன்மை, தும்பாவின் விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தைச் சேர்ந்த பி. ராதாகிருஷ்ணன் மாற்று. 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் வெடித்தது. ப்ளூஃபோர்டோடு 1978இல் தேர்வான ரொனால்ட் மெக்நேர், ஜூடித் ரெஸ்னிக் உட்பட ஏழு பேரும் மாண்டார்கள். இந்தியர்களின் பயணம் ரத்தானது. இன்சாட்-1சி பிறகு ஐரோப்பிய ராக்கெட்டில் தனியாகப் போனது.

எபிசோட் மட்டும் போய்க்கொண்டே இருந்தது. 1982இல் ‘தி ராத் ஆஃப் கான்’ என்ற சினிமா அதன் தொடர்ச்சியாக வந்தது. அதில் கான், தொடரின் இன்னொரு அதிகாரியான செக்கோவைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொள்கிறான். செக்கோவ் பாத்திரமோ முதல் பருவத்திலேயே கிடையாது. ரசிகர்கள் இன்றும் இதற்குச் சமாதானம் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். 2006இல் பழைய பிலிமைத் துலக்கி, விண்கலக் காட்சிகளைக் கணினியில் புதிதாகச் செய்தார்கள். எனக்கு அலுமினியத் தூள்காரர்களின் கைவேலைதான் பிடிக்கிறது. 2013இல் வந்த படத்தில் கானாக நடித்தவர் பெனடிக்ட் கம்பர்பாட்ச், வெள்ளை இங்கிலாந்துக்காரர். இந்தியப் பாத்திரத்தை மறுபடி வெள்ளையாக்கிவிட்டார்கள் என்று திட்டு விழுந்தது. எரிக்சனாகத் தொடங்கியவன் கிட்டத்தட்ட எரிக்சனாகவே திரும்பிவிட்டான் என்றும் சொல்லலாம்.

2025 செப்டம்பர் 8இல், தொடர் தொடங்கிய தேதியிலேயே, ‘ஸ்டார் ட்ரெக்: கான்’ வெளியானது. கானாக நவீன் ஆண்ட்ரூஸ். கேரளத்திலிருந்து லண்டனுக்குக் குடியேறிய மலையாளிப் பெற்றோரின் மகன். முகத்தில் மை பூச வேண்டியதில்லை என்று மகிழ்வதற்குள் இன்னொன்று தெரிந்தது: அது ஒலித்தொடர். முகமே தெரியாது.