மார்பக எக்ஸ்ரேயும் அழுத்துத் தகடும் – ஒரு வரலாற்றுப் பார்வை

மும்பையில் முப்பது வருஷம் எக்ஸ்ரே பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். அதில் பிற்பாதி மேமோகிராம் அறையிலேயே கழிந்தது. "ஏம்மா, இவ்வளவு நசுக்கணுமா?" என்று தமிழிலும் மராத்தியிலும் இந்தியிலும் கேட்டிருக்கிறார்கள். மாதுங்காவில் இருந்த என் சித்தி வேறோர் இடத்தில் படம் எடுத்துக்கொண்டு வந்து, "ஒரு வார்த்தை சொல்லாம தகட்டை இறக்கிட்டாடி. உயிர் போயிடுச்சு. இனிமே அந்தப் பக்கமே போகமாட்டேன்" என்றார். ஒரு வருஷம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும் என்று டாக்டர் எழுதிக்கொடுத்திருந்தார். சித்தி போகவில்லை. மூன்று வருஷம் கழித்துக் கட்டி கையில் தட்டுப்பட்டபோது நோய் அக்குள் வரை பரவியிருந்தது. முன்னமே பார்த்திருந்தால் பிழைத்திருப்பார் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அவரைத் தடுத்தது அந்த வலிதான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அந்த அழுத்தம் எப்படி வந்தது, அதைக் குறைக்க யார் என்ன செய்தார்கள் என்று தேடிப் படித்ததன் பயனே இக்கட்டுரை.

தொடக்கம்

ரான்ட்கன் எக்ஸ் கதிர்களைக் கண்டது 1895இல். 1913இல் பெர்லின் அறுவை மருத்துவர் ஆல்பர்ட் சாலமன், அறுத்தெடுக்கப்பட்ட சுமார் 3,000 மார்பகங்களை எக்ஸ்ரே எடுத்து, புற்றுநோய் பரவும் விதத்தை ஆராய்ந்தார். உயிருள்ள பெண்களிடம் இதைச் செய்து 1930இல் வெளியிட்டவர் அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகர மருத்துவர் ஸ்டாஃபோர்ட் வாரன். ஆனால் படங்கள் தெளிவாக இல்லை. மார்பகம் முழுவதும் மென்திசு. எலும்பைப் போல நிழல் பளிச்சென்று விழாது.

இங்குதான் தென் அமெரிக்காவின் சிறிய நாடான உருகுவே வருகிறது. ரவுல் லெபோர்ன் என்ற மருத்துவர், மார்பகத்தை அழுத்திப் பிடித்துப் படம் எடுத்தால் நுண்ணிய சுண்ணாம்புத் துகள்கள்கூடத் தெரியும் என்று காட்டினார். அவருடைய முக்கியக் கட்டுரை வெளிவந்தது 1951இல். பின்னர் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் சார்ல் குரோ, மாலிப்டினம் உலோகத்தைப் பயன்படுத்தி மென்திசுவுக்கு ஏற்ற கதிரைப் பெற்றார். அதன் அடிப்படையில் 1960களின் பிற்பாதியில் 'செனோகிராஃப்' என்ற, மார்பகத்துக்கென்றே செய்யப்பட்ட கருவி வந்தது. அழுத்தும் அமைப்பு கருவியின் அங்கமாகவே ஆகிவிட்டது.

ஏன் அழுத்த வேண்டும்?

காரணங்கள் நான்கு. ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் திசுக்கள் விரிந்து பரவுவதால் ஒளிந்திருக்கும் கட்டி வெளிப்படுகிறது. கனம் குறைவதால் கதிர்வீச்சும் குறைவாகவே தேவைப்படுகிறது. அசைவு நிற்பதால் படம் கலங்குவதில்லை. திசு படத்தகட்டுக்கு அருகே வருவதால் விளிம்புகள் கூர்மையாகின்றன.

1970களில் ஜெராக்ஸ் முறையில் நீல நிறப் படங்கள் எடுத்தார்கள். அதில் இவ்வளவு அழுத்தத் தேவையில்லை. ஆனால் கதிர்வீச்சு அதிகம் என்பதால் 1980களின் முடிவில் அது வழக்கொழிந்தது. வலி குறைந்த முறை போய், கதிர் குறைந்த முறை நின்றது.

எவ்வளவு அழுத்தலாம்?

அமெரிக்காவில் 1992இல் மேமோகிராம் தரச் சட்டம் வந்தது. மோட்டாரால் இறங்கும் தகட்டின் உச்ச விசை 111 முதல் 200 நியூட்டனுக்குள் இருக்க வேண்டும் என்ற விதி 2002 அக்டோபர் முதல் நடைமுறைக்கு வந்தது. ஏறத்தாழ 11 முதல் 20 கிலோ எடை மேலே உட்காருவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

விசையை மட்டும் கணக்குப் பார்ப்பதில் ஒரு குறை உண்டு. மார்க்கெட்டிலிருந்து ஐந்து கிலோ காய்கறியைத் தூக்கி வருகிறோம். பையின் காது மெல்லிய கயிறாக இருந்தால் விரலை அறுக்கிறது. அகல நாடாவாக இருந்தால் அவ்வளவு வலிப்பதில்லை. எடை ஒன்றுதான், அது பரவும் பரப்பு வேறு. அதே விசை சிறிய மார்பகத்தில் அதிக அழுத்தமாகிறது. என் அறையில் ஒல்லியான பெண்களே அதிகம் துடித்தார்கள். எனக்கு அப்போது காரணம் புரியவில்லை. ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட ஆய்வில், விசைக்குப் பதிலாக அழுத்தத்தையே அளவாகக் கொண்டார்கள். அவர்கள் வைத்த இலக்கு 10 கிலோபாஸ்கல், அதாவது சுமார் 75 மில்லிமீட்டர் பாதரசம். நம் ரத்த அழுத்தத்தின் கீழ் எண்ணை ஒட்டிய அளவு. இதனால் வலி குறைந்ததாக அவர்கள் கண்டார்கள்.

தகட்டின்மேல் ஒட்டும் மெத்தைகளும், உடலுக்கேற்ப வளைந்த தகடுகளும் வந்தன. 2017 செப்டம்பரில், பெண்ணே கையில் ரிமோட் வைத்துக்கொண்டு தன் அழுத்தத்தைத் தானே கூட்டிக்கொள்ளும் கருவிக்கு அமெரிக்க அரசு அனுமதி அளித்தது. முதலில் சிறிது அழுத்துபவர் டெக்னீஷியன்; மீதியை முடிப்பவர் அந்தப் பெண்; போதுமா என்று பார்த்துச் சொல்பவர் மறுபடியும் டெக்னீஷியன். நூறு வருஷமாக மேசைமேல் வைக்கப்பட்ட பொருளாக இருந்தவளை ஒரு வேலைக்காவது கேட்டுச் செய்தார்களே என்று எனக்கு மகிழ்ச்சி.

நம் ஊரில்

நம் மும்பையில் டாடா நினைவு மருத்துவமனை 1998இல் தொடங்கி, ஒன்றரை லட்சம் பெண்களைக் கொண்டு ஓர் ஆய்வு நடத்தியது. பயிற்சி பெற்ற பெண் ஊழியர்கள் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை கையால் பரிசோதித்தார்கள். 2021இல் வெளியான முடிவின்படி, 50 வயதும் அதற்கு மேலும் உள்ள பெண்களிடையே மார்பகப் புற்றுநோய் இறப்பு ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்தது. ஆகவே, கருவி வலிக்கும் என்று பயந்து பரிசோதனையையே விட்டுவிடாதீர்கள். கைப் பரிசோதனைக்காவது போங்கள். அதில் சந்தேகம் வந்து மேமோகிராம் எடுக்கச் சொன்னால், மாதவிலக்கு முடிந்த வாரத்தில் நேரம் கேளுங்கள். அப்போது வலி குறைவாக இருக்கும். தகடு இறங்கும்போது, "மெதுவா, சொல்லிட்டு அழுத்துங்க" என்று தயங்காமல் சொல்லுங்கள். என்னிடம் அப்படிச் சொன்னவர்களுக்கு நான் ஒரு கணம் நிறுத்தியிருக்கிறேன். அவர்கள் மூச்சு விட்டபின் அதே அளவு அழுத்தத்தைத் தாங்கியும் இருக்கிறார்கள். என் சித்திக்கு இதைச் சொல்ல எனக்கு வாய்க்கவில்லை. நம் சங்கத்துச் சகோதரிகளுக்காவது சொல்லிவிட்டேன் என்ற நிறைவோடு முடிக்கிறேன்.