குடும்பிமலையும் ஆற்றுவாயும்

பத்தாம் வகுப்பு மாணவரை ஒருநாள் காலை, உலகத்தின் வியத்தகு நிலத்தோற்றங்கள் சிலவற்றைக் கூறுமாறு கேட்டோம். விடைகள் தங்குதடையின்றி வந்தன. அமெரிக்காவிலே கொலராடோ ஆறு அறுத்துச் சென்ற பெரும் பள்ளத்தாக்கு. அயர்லாந்தின் கரையிலே அறுகோணத் தூண்களாய் இறுகி நிற்கும் எரிமலைக் குழம்பு. அவுஸ்திரேலியப் பாலையின் நடுவே செந்நிறமாய் எழுந்த ஒற்றைப் பெரும் பாறை. பாடநூல் எழுதியவர் கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பார். பின்னர்ச் சன்னலுக்கு வெளியே கையை நீட்டினோம். மழை ஓய்ந்து வானம் வெளித்திருந்த அக்காலையிலே, களப்பின் மேற்கே, நீல நிழல்களாய் மலைமுகடுகள் சில தெரிந்தன. அவற்றின் பெயரைக் கேட்டதும் வகுப்பு அடங்கிவிட்டது. படுவான்கரையிலிருந்து தோணியேறி வரும் மாணவன் ஒருவன் மட்டும் கடைசி வாங்கிலிருந்து, "குடும்பிமலை அங்கால இருக்கு சேர்" என்றான். அம்முகடுகளுள் எது அது எனச் சுட்டிக் காட்ட அவனாலும் இயலவில்லை.

குறை மாணவருடையதன்று. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் என்று நிலத்தைப் பகுத்த பெருமையைப் பல்கலைக்கழகத்திலே ஆண்டுக்கணக்காய்ப் படித்துப் பட்டமும் பெற்றவர்கள் நாம். அந்நான்கும் ஒருநாட் பயணத் தொலைவுக்குள் அடங்கிய மாவட்டத்திற் பிறந்திருந்தும், அவற்றை ஏட்டிலேதான் தேடினோம்.

நம் மாவட்டத்தின் அடியிற் கிடப்பது நைசு எனப்படும் உருமாறிய பாறை. இலங்கையின் கிழக்குப் பகுதிப் பாறைகளைப் புவிச்சரிதவியலார் விஜயன் தொகுதி என வழங்குவர். விஜயன் என்னும் இளவரசன் கரையேறிய கதைக்கு வயது 2,500 ஆண்டு என்பர். அப்பெயரைச் சுமக்கும் பாறையோ ஏறத்தாழ 100 கோடி ஆண்டுகளுக்கு முன் உருவானது. பெயரிடுவோரின் துணிவை என்னென்பது! ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன், நிலத்துண்டங்கள் ஒன்றோடொன்று மோதி இணைந்த காலத்தில், இப்பாறை நிலத்தின் ஆழத்திலே வெந்து நசுங்கி, இன்று காணும் வரிவரியான உருவைப் பெற்றது. அவ்வாறு இணைந்த பெருநிலத்திலே தென்னிந்தியாவும் மடகாஸ்கரும் அந்தாட்டிக்காவும் இலங்கைக்கு அண்டை வீடுகள். அதற்குக் கொண்டுவானா என்று பெயர். எடுவார்டு சூயஸ் என்னும் அறிஞர் 1885இல் பரப்பிய இப்பெயர், மத்திய இந்தியாவிலே காடுகளில் வாழும் கோண்டு மக்களின் நாட்டைக் குறித்த சொல்லிலிருந்து எடுக்கப்பட்டது. பழங்குடி ஒன்றின் பெயரைப் பெருங்கண்டத்துக்கே சூட்டிய உலகம், அக்குடியின் காட்டைப் பறிப்பதை மட்டும் நிறுத்தவில்லை.

இத்துறையில் நமக்கு உறவுடைய பெயர் ஒன்றும் உண்டு. கலையாய்வாளராக உலகறிந்த ஆனந்த குமாரசுவாமி, அதற்கு முன்னர் இலங்கைக் கனிப்பொருள் ஆய்வின் முதல் தலைவராக இருந்தவர். கல்லுளியோடு இந்நாட்டைச் சுற்றியபோதுதான், மடிந்துகொண்டிருந்த கிராமக் கைத்தொழில்களை அவர் கண்டார். கல்லைப் பார்க்கப் போனவர் மக்களைக் கண்டு திரும்பினார் என்பது நமக்குப் பெரிதாகப் படுகிறது.

பரந்த சமவெளியிலே சில குன்றுகள் மட்டும் தனித்துத் தலைதூக்கி நிற்பது ஏன்? பாறையில் வெடிப்புகள் நெருங்கியிருந்த இடங்களில் மழைநீர் இறங்கி, நிலத்தடியிலேயே அதனை உக்கச் செய்தது. வெடிப்பு அரிதாயிருந்த இடம் தாக்குப்பிடித்தது. உக்கிய மண்ணை எண்ணிறந்த மாரிகள் கழுவிக் கடலிற் சேர்த்தபோது, உக்காத பகுதி வெளிப்பட்டது. மலை எழும்பவில்லை, சுற்றியிருந்த நிலமே இறங்கியது. மேற்பாரம் நீங்கிய பாறை வெங்காயத் தோல்போல் ஏடேடாகக் கழன்று மொட்டைத் தலையைப் பெறும். ஜெர்மன் மொழியிலே இத்தகைய குன்றைத் தீவுமலை என்னும் பொருள்படும் சொல்லாற் குறிப்பர். பிரேசிலின் றியோ துறைமுகத்திலே நிற்கும் சர்க்கரைக்கூம்பு மலையும் இவ்வினத்ததே. அதன் படம் அஞ்சலட்டையில் ஏறியதால் அது உலக அதிசயம். படுவான்கரைப் பாறையிலே நெல் காயப்போடுவதால் அது வெறும் பாறை!

வெறும் பாறை என்று எண்ணாதவர் இருந்தனர். பாறைப் புடவுகளில் வேடர் குடியிருந்தனர். குழிகளில் தேங்கிய சுனைநீர் கோடையிலே மனிதரையும் விலங்கையும் காத்தது. தாந்தாமலைப் பாறையின் மீது முருகன் கோயில் கொண்டிருக்கிறான். ஆடித் திருவிழாவுக்கு இன்றும் ஊர் திரண்டு செல்கிறது.

இக்குன்றுகளை வேறொரு திசையிலிருந்து நோக்கியவரும் உண்டு. பாலமீன்மடுவில் வெளிச்சவீடு எழுந்தது 1913இலேயே. அதற்கு முன்னும் பின்னும் கிழக்குக் கரையோரம் சென்ற ஐரோப்பிய மாலுமிகளுக்கு, தாம் எங்கே நிற்கிறோம் என்றறிய உதவியவை இம்முகடுகள். தம் நாட்டுப் பொருள்களின் சாயலை அவற்றிலே கண்டு அவர்கள் பெயரிட்டனர். திம்புலாகலை அவர்களுக்குப் பீரங்கியாளன் ஆப்பு. தெற்கேயுள்ள கோவிந்தஹேலை வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயம். மற்றொன்று துறவியின் முக்காடு. கிரான் பகுதிக்கு மேற்கே, ஏறத்தாழ 500 மீட்டர் உயர்ந்து நிற்கும் நம் குடும்பிமலைக்குப் பிரபுவின் தொப்பி என்று பெயர். சிங்களத்திலும் அது தொப்பிகலதான். மூவரும் தலையையே கண்டனர். அத்தலை யாருடையது என்பதிலேதான் வேறுபாடு.

அவுஸ்திரேலியச் செம்பாறைக்கு நேர்ந்ததும் இதுவே. 1873இல் அங்கு சென்ற வில்லியம் கொஸ் என்னும் நில அளவையாளர், தென் அவுஸ்திரேலியாவின் முதன்மைச் செயலாளராயிருந்த ஹென்றி எயர்ஸின் பெயரை அதற்கு இட்டார். ஆயிரமாயிரம் ஆண்டுகளாக அனங்கு மக்கள் உலுறு என்றழைத்த பாறை, ஓர் அதிகாரியின் பெயரால் உலக வரைபடத்தில் ஏறியது. அதன் உரிமை அம்மக்களிடம் மீண்டது 1985 ஒக்டோபர் 26இல். அப்போதும் 99 ஆண்டுக் குத்தகைக்கு அரசின் பூங்காவாக விட்டுக்கொடுத்தே அதனைப் பெற்றனர். தமக்குப் புனிதமான பாறையின் மீது பிறர் ஏறுவதைத் தடுக்க அவர்கள் 2019 ஒக்டோபர் 26 வரை காத்திருக்க நேர்ந்தது.

நம் மலைக்கு வாய்த்த விதி வேறு. 2007 ஜூலை 11இல் அரசபடை அதனைக் கைப்பற்றியது; சில நாளிலேயே கொழும்பில் வெற்றிவிழா நடந்தது. அதுவரை அம்மலையின் பெயரையே கேட்டிராத இலட்சக்கணக்கானோர் ஒரே கிழமையில் அதனை அறிந்தனர். பாறையாக அன்று, வெற்றிச் சின்னமாக. அவ்வாண்டு இம்மாவட்டத்திலே ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடுவாசல் விட்டு அகதிகளாய் அலைந்தது அவ்விழாவில் இடம்பெறவில்லை.

இனி மணலுக்கு வருவோம். பாறையை நோக்க மணல் நேற்றுப் பிறந்த குழந்தை. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், உலகின் நீரிற் பெரும்பங்கு பனிக்கட்டியாய் உறைந்திருந்தபோது, கடல் இன்றைய மட்டத்தினும் 120 மீட்டர் அளவு தாழ்ந்து கிடந்தது. இலங்கைக்கும் தமிழகத்துக்கும் இடையே நடந்தே போகலாம். பனி உருக உருகக் கடல் ஏறி, ஆறேழாயிரம் ஆண்டுகளுக்கு முன் இன்றைய மட்டத்தை அணுகியது. தாழ்நிலங்களுக்குள் நீர் புகுந்து குடாக்கள் ஆயின. மலைகளிலிருந்து ஆறுகள் சுமந்துவந்த பருக்கையை அலையும் கரையோர நீரோட்டமும் ஒதுக்கி, குடாக்களின் வாயைத் தைத்தன. உள்ளே அடைபட்ட நீர்தான் களப்பு. நீளம் 56 கிலோமீற்றர். பரப்பு ஏறத்தாழ 140 சதுர கிலோமீற்றர். ஆழமோ பெரும்பாலான இடங்களில் ஓர் ஆளுயரத்தைப் பெரிதும் தாண்டாது. ஞாயிறு எழும் பக்கம் எழுவான்கரை. படும் பக்கம் படுவான்கரை. இவ்விரு சொற்களையும் ஆக்கியவன் கப்பலிலிருந்து பார்த்தவன் அல்லன். களப்பின் நடுவே தோணியில் நின்று காலையும் மாலையும் பார்த்தவன்.

அம்மணலிலும் அதிகாரம் கால்பதித்தது. போர்த்துக்கேயர் 1628இல் புளியந்தீவிலே கோட்டை கட்டினர். 1638 மே 18இல் அதனை ஒல்லாந்தர் பிடித்தனர். இலங்கையில் அவர்கள் கைப்பற்றிய முதற் கோட்டை இதுவே. பெரிய கப்பல்களை வெளியே நிறுத்திய மணற்றிட்டின் நினைவு டச்பார் என்னும் ஊர்ப்பெயரிலே இன்றும் வாழ்கிறது. அப்பெயரைக் கேட்டு மாணவர் சிரிப்பதுண்டு. அந்தப் 'பார்' மதுக்கடையன்று, மணற்றிட்டைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் என விளக்கிய பின்னரும் சிரிப்பர். பாடும் மீனையும் இங்கே குறிப்பிடாவிடில் ஊரார் நம்மை மன்னியார். நிலாக்காலத்தில் நீரடியிலிருந்து எழும் அவ்வொலியை 1848 அளவிலே இங்கு வந்த குடியேற்றச் செயலாளர் எமர்சன் டெனன்ற் கேட்டு நூலில் எழுதினார். மீன் பாடுகிறது என்று உலகம் வியக்க, ஒலியெழுப்புவது ஊரி என்றே அவரிடம் மீனவர் கூறினர். யாழ் நூலின் ஆசிரியர் விபுலாநந்த அடிகளின் கற்பனையில் அவ்வொலி நீரரமகளிரின் இசையாயிற்று. புகழ் மீனுக்கும் கவிதைக்கும் போயிற்று. மீனவர் சொன்ன ஊரியை யார் நினைக்கிறார்?

மணலின் வரலாறு பழங்கதையாய் முடிந்துவிடவில்லை. ஆண்டுதோறும் மீண்டும் நடக்கிறது. வடக்கே மட்டக்களப்பு முகத்துவாரம், தெற்கே கல்லாறு என இரு இடங்களிலே களப்பு கடலோடு கலக்கும். கோடையில் ஆற்றோட்டம் தளர, அலை மணலைக் குவித்து ஆற்றுவாயை அடைத்துவிடும். கார்த்திகை பிறந்து வாடைக்காற்று மழையோடு வந்ததும் மேற்கிலிருந்து ஆறுகள் இறங்கும். உன்னிச்சை, நவகிரி முதலிய குளங்களின் மிகைநீரும் வந்து சேரும். வாய் அடைத்திருந்தால் நீர் போக வழியேது? களப்பு ஏறிப் படுவான்கரை வட்டைகளிலே பெரும்போக நெல்லை மூழ்கடிக்கும். "வெட்டுங்கள்" என்பான் வேளாண்மை செய்பவன். "பொறுங்கள்" என்பான் வீச்சுவலைக்காரன். நீர் நிறைந்த களப்பிலேதான் இறால் பருக்கும். காலமல்லாக் காலத்தில் வெட்டினால் இறாலும் மீனும் கடலோடு போய்விடும், நீர் வடிந்து தோணி தரைதட்டும். அவனுக்கும் ஆற்றுவாய் என்றைக்குமே மூடிக்கிடக்க வேண்டும் என்பதன்று. கடலிலிருந்து இறாற் குஞ்சு உள்ளே வர வாய் திறந்துதானே ஆகவேண்டும்? அவனது வழக்கெல்லாம் எந்த நாளில் என்பதைப் பற்றியே.

இருவர் சொல்வதும் மெய். மழையும் அலையும் நிலவும் கூடும் நாட்கணக்கை இருவருமே தலைமுறை தலைமுறையாய் அறிவர். ஆயினும் நாள் குறிக்கும் அதிகாரம் கச்சேரியில் இருக்கிறது. அங்கே யாருடைய குரல் முந்திக் கேட்கும் என்பதை விளக்க வேண்டுமா? நூறு ஏக்கர் படைத்த போடியாரின் மனு மேசைக்கு மேலே இருக்கும். அவர் வயலிலே இடுப்பளவு நீரில் நிற்கும் முல்லைக்காரன் மனு எழுதுவதில்லை; அடுத்த வேளைச் சோற்றுக்கு அத்தாங்கு ஏந்தி இறால் வடிக்கும் பெண்ணும் எழுதுவதில்லை. இருவரும் ஒரே தோணித்துறையில் ஏறுபவர்கள். சில வேளை ஒரே குடும்பத்தவர்கள். அவர்களை விவசாயி, மீனவன் என்று எதிரெதிரே நிறுத்தி, அவ்வழக்கிலே நடுவர் இருக்கையைத் தனதாக்கிக் கொள்வது அதிகாரத்துக்கு எளிதாயிருக்கிறது.

1957 டிசம்பர் வெள்ளத்தை முதியோர் இன்னும் பேசுவர். 2011 சனவரி வெள்ளத்தை நாமே கண்டோம். கதிர் முற்றிய வட்டைகள் நாட்கணக்கில் நீருள் கிடந்தன. 1978 நவம்பர் 23இல் சூறாவளி தென்னைகளைச் சாய்த்தது. 2004 டிசம்பர் 26 காலை, கடலுக்கும் களப்புக்கும் இடையே ஒடுங்கிக் கிடக்கும் நாவலடியைக் கடலலை கடந்து சென்றது. ஆறேழாயிரம் ஆண்டு வயதுடைய மணலின் மேல் வீடு கட்டி வாழ்வதன் பொருளை அன்று அறிந்தோம். அம்மணல் மீதான பேராசையோ தீரவில்லை. மலை தேய்ந்து கரைசேர எடுத்த காலத்தை எண்ணாது, ஆற்றுப் படுகையிலிருந்து இரவோடிரவாக அது லொறிகளில் ஏறிப் போகிறது. குன்றுகள் சல்லியாக உடைகின்றன.

வெட்டும் நாளில் ஒருமுறை முகத்துவாரத்தில் நின்றோம். முன்பு மண்வெட்டிகள் செய்ததை இப்போது பொறி செய்கிறது. ஒரு மனிதன் தாண்டக்கூடிய சிறு வாய்க்கால்தான் முதலில். கலங்கல் நீர் தயங்கித் தயங்கி அதனுள் இறங்கியது. பிறகு கரைமணல் பாளம் பாளமாய்ச் சரிந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே வாய்க்கால் ஆறாயிற்று. கரையில் நின்றவருள் சிலர் ஆரவாரித்தனர். சிலர் பேசாது வலையைச் சுருட்டித் தோளிலிட்டு நடந்தனர்.

மறுவாரம் வகுப்பிலே மாணவரிடம், புத்தகத்தைப் பாராமல் தம் ஊரின் படத்தை வரையச் சொன்னோம். குடும்பிமலை இம்முறை பலர் தாளிலே இருந்தது; சிலர் அதற்கு மெய்யாகவே குடும்பி முடிந்திருந்தனர். தோணியேறி வரும் அம்மாணவன் ஆற்றுவாயை அகலத் திறந்து வரைந்திருந்தான். அவன் தந்தை படுவான்கரையில் குத்தகைக்கு வயல் செய்பவர். பக்கத்து வாங்கிலிருந்த மாணவியின் தாளில் அது மூடியிருந்தது. மணலை அவள் மஞ்சள் நிறத்தால் அழுத்தி அழுத்தித் தீட்டியிருந்தாள். எவருடைய படத்திற்குச் சரி போடுவது என்று தெரியாமல், இரண்டையும் அருகருகே சுவரில் ஒட்டினோம்.