ஒளி புகாத இடத்தில் புகும் கதிர்

பெங்களூரு புகைவண்டி நிலையத்தையடுத்த ஒக்கலிபுரம் போன்ற பகுதிகளில் வாழும் தமிழர்களாகிய நாம், இந்நகரைப் பிழைப்புக்கு இடந்தந்த ஊர் என்றே பெரும்பாலும் அறிவோம். காஸ்மிக் கதிர் ஆராய்ச்சியின் வரலாற்றிலும் இவ்வூருக்குத் தனியிடம் உண்டு.

1912-இல் ஆஸ்திரிய விஞ்ஞானி விக்டர் ஹெஸ் பலூனில் 5 கிலோமீட்டருக்கும் மேல் உயர்ந்து, அங்கே கதிர்வீச்சு மிகுந்திருப்பதைக் கண்டார். வானிலிருந்து வந்த அதுவே காஸ்மிக் கதிர். 1939-இல் உலகப் போர் மூண்டமையால் இங்கிலாந்து திரும்ப இயலாத ஹோமி பாபா, பெங்களூரு இந்திய விஞ்ஞானக் கழகத்தில் இக்கதிர்களை ஆராயும் பிரிவை நடத்தினார். திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி. வி. இராமன் அப்போது அங்கே பௌதிகத் துறையின் தலைவர். இளைஞர் விக்ரம் சாராபாயும் அங்கேயே இக்கதிர்களை அளந்தார்.

இக்கதிர்கள் விண்வெளியில் புரியும் தொழில் யாது? விண்மீன்களுக்கிடையே அடர்ந்த வாயு முகில்கள் உள்ளன. அவற்றிலுள்ள தூசு விண்மீன் ஒளியை உள்ளே விடுவதில்லை. காஸ்மிக் கதிர்களோ உட்புகுந்து, ஹைட்ரஜன் மூலக்கூறுகளைத் தாக்கி எலெக்ட்ரான்களை வெளியேற்றுகின்றன. அந்த எலெக்ட்ரான்கள் பிற மூலக்கூறுகளோடு மோத, அவற்றின் ஆற்றலில் ஒரு பகுதி வெப்பமாகிறது. ஒரு மூலக்கூறு இவ்வாறு தாக்குண்பது ஏறத்தாழ 300 கோடி ஆண்டுகளுக்கு ஒரு முறையே. எனினும் மூலக்கூறுகள் எண்ணிறந்தவை ஆதலின் அதுவே போதுமானதாகிறது. கார்பன் மோனாக்சைடு முதலிய வாயுக்கள் வெப்பத்தை வெளியே வீச, முகிலின் வெப்பநிலை ஏறத்தாழ −263 டிகிரி சென்டிகிரேடில் நிலைகொள்கிறது. ஈர்ப்பினால் சுருங்கி விண்மீனாவதை வாயு எந்த அளவுக்கு எதிர்க்கும் என்பது இவ்வெப்பநிலையைப் பொறுத்தது.

முகிலை நாம் நெருங்க இயலாது. ஆயினும் இக்கதிர்களால் விளையும் துகள்களின் ஊடுருவும் திறனை மண்ணுக்கடியில் அளக்கலாம். பாபா 1945-இல் நிறுவிய டாட்டா ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த பி. வி. ஸ்ரீகண்டன் முதலியோர், 1950களில் கோலார்த் தங்கச் சுரங்கத்துள் கருவிகளை இறக்கினர். 1965-இல், 2 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில், இக்கதிர்கள் காற்று மண்டலத்தில் தோற்றுவிக்கும் நியூட்ரினோவின் தடயத்தை இந்திய, ஜப்பானிய, ஆங்கில விஞ்ஞானிகள் கண்டனர். மற்றத் துகள்களை மேலிருந்த பாறை தடுத்தமையாலேயே அது இயன்றது.

அவ்வாழத்தை வெட்டியவர்களுள் மிகப் பலர், வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து குடிபெயர்ந்த தமிழ்த் தொழிலாளர். அவர்கள் தேடியது பொன், பெற்றது கூலி. சுரங்கம் 2001-இல் மூடப்பட்டது. இக்கண்டுபிடிப்பை நம் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கால், கண்டவர் பெயரோடு, காண்பதற்கு வழி வெட்டியவரையும் சேர்த்துச் சொல்லுதல் நம் கடமையாகும்.