மும்மொழிக் கல்லின் சிதைவுகள்

கொழும்பு நூதனசாலையிலுள்ள மும்மொழிக் கல் முழுமையான பொருளன்று. வெள்ளவத்தையிலிருந்தும் கொட்டாஞ்சேனையிலிருந்தும் அங்குச் செல்லும் மாணவர் பலர் அதன் உச்சியிலுள்ள சீனச் சித்திர வேலையைக் கண்டு வியந்து அப்பாற் செல்வர். தேய்ந்த எழுத்துக்களின்முன் நெடுநேரம் நிற்பவர் சிலரே.

சீனக் கடற்படைத் தளபதி செங் ஹோ தென்னிலங்கைக்குக் கொணர்ந்த இக்கல்லின் வாசகம் 1409ஆம் ஆண்டுக்குரியது. மிங் பேரரசர் யொங்லோவின் பெயரால் அளிக்கப்பட்ட காணிக்கைகளை அது சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளில் உரைக்கின்றது. சீனப் பகுதி புத்தரைத் துதிக்கின்றது. தமிழ்ப் பகுதி தேனவரை நாயனாரைத் துதிக்கின்றது. பாரசீகப் பகுதி இசுலாம் சார்ந்தது. பொன் 1000, வெள்ளி 5000 எனத் தொடங்கும் காணிக்கைப் பட்டியலோ மூன்றிலும் பெரிதும் ஒத்துள்ளது. இது பக்தியா, அரசதந்திரமா என்பது வேறு வினா. தேனவரைக் கோயிலைப் போர்த்துக்கேயர் 1588இல் அழித்தனர். பொன்னும் பட்டும் போயின. கல் மட்டும் காலி நகரில் ஒரு மதகின் மூடுகல்லாய்க் கிடந்து, 1911இல் பொறியியலாளர் ஒருவரின் கண்ணிற் பட்டது.

தமிழ்ப் பகுதியைச் செனரத் பரணவிதான ஆராய்ந்து, எபிகிராபியா செய்லானிக்காவின் மூன்றாந் தொகுதியில் வெளியிட்டார். சாசனப் பதிப்புகளில் ஐயத்துக்குரிய எழுத்து பகர அடைப்புக்குள் நிற்கும். அழிந்த எழுத்துக்குப் புள்ளி இடப்படும். கற்றவர் ஒருவர் தமக்குத் தெரியாததை இவ்வாறு அச்சிலே ஒப்புக்கொள்வது எளிதன்று. பொருத்தமான சொல்லொன்றைப் புகுத்தினால் வரி நிரம்பும், படிப்போரும் மெச்சுவர். ஆயின் அந்த இடத்திலேயே கல் பேசுவது நின்று, பதிப்பாசிரியர் பேசுவது தொடங்கிவிடும்.

இவ்வடக்கம் ஈழத்துத் தமிழறிஞர்க்குப் புதியதன்று. சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை (1832–1901) 1887இற் கலித்தொகையை வெளியிட்டார். அவர் கைக்கு வந்த பழைய ஏடுகள் பூச்சி அரித்தவை. தொட்ட அளவில் ஒடிபவை. பிழையற்ற பிரதிக்குக் காத்திருப்பின் நூலே இல்லாமற் போகும் என்பதை அவர் உணர்ந்திருந்தார். ஆதலால், தம் கல்வியின் குறையைப் பதிப்புரைகளில் மறையாது கூறியே நூல்களை அச்சேற்றினார். பின்வந்தோர் அவர் பதிப்புகளிற் பிழை கண்டு திருத்தினர். திருத்துவதற்கு அவர்கள் கையில் ஒரு நூல் இருந்தது.

மும்மொழிக் கல்லில் மிகுதியும் தேய்ந்தது பாரசீகப் பகுதியே. மற்றை இரண்டையுங் கொண்டு அதன் இடைவெளிகளை நிரப்பிவிடலாம் என எண்ணுவோர் உளர். தமிழ்ப் பகுதி சீன வாசகத்தின் மொழிபெயர்ப்பன்று என்பதை அவர்கள் மறக்கின்றனர். துதிக்கப்படும் தெய்வமே வேறு. காணிக்கைப் பட்டியலில் அழிந்த சொல்லை ஒப்புநோக்கி ஓரளவு துணியலாம். துதிப் பகுதியில் அழிந்த சொல்லுக்கு அத்துணிவு ஆகாது. அங்குப் புள்ளியே தக்கது.