நேட் பிறந்த கதை

இலஞ்சி வழியாகப் போகிற டவுன் பஸ்ஸைவிட நீளம் குறைவு. இறக்கையின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு 22 அடிதான். இதுவா போர் விமானம் என்று கேட்கத் தோன்றும். 1965-இல் இந்திய நேட்டுக்கு எதிரே பாகிஸ்தான் ஓட்டி வந்த அமெரிக்க சேபருக்கு இறக்கை 37 அடி, ஆறு மெஷின் கன், போதாக்குறைக்குச் சிலவற்றில் சைட்விண்டர் ஏவுகணை வேறு. நேட்டிடம் இருந்தவை இரண்டு 30 மி.மீ. பீரங்கிகள்.

கடுகுப் பழமொழியை இங்கே இழுக்க வேண்டாம். இது வேண்டுமென்றே சிறுக்க வைத்த விமானம். கான்பெரா குண்டுவீச்சு விமானத்தை வடிவமைத்த டெடி பெட்டர் என்ற ஆங்கிலேயருக்கு ஒரு எரிச்சல்: போர் விமானங்கள் வருஷத்துக்கு வருஷம் கனத்துக்கொண்டே போகின்றன, விலையும் கூடவே ஏறுகிறது. 1950-இல் ஃபாலண்ட் என்ற சிறு கம்பெனிக்கு வந்தவர், தேவையில்லாததை எல்லாம் கழித்துக்கொண்டே போனார். வேகத்தைக் குறைக்கத் தனித் தடுப்புகூட வைக்கவில்லை. சக்கரக் கதவுகளே அந்த வேலையையும் பார்த்தன. 1955 ஜூலை 18 அன்று நேட் பறந்தது. பிரிட்டிஷ் விமானப்படையோ அதைப் போர் விமானமாக வாங்கவே இல்லை. இரட்டை இருக்கை வைத்துப் பயிற்சிக்கு எடுத்துக்கொண்டது.

1956-இல் ஒப்பந்தம் போட்டு எடுத்துவந்தது இந்தியாதான். விலை கட்டுப்படியானது, இங்கேயே கட்டவும் முடிந்தது. பெங்களூரு எச்.ஏ.எல். அதைக் கட்டியது. குறை இல்லாமல் இல்லை. வால்பகுதிக் கட்டுப்பாடு தகராறு செய்யும், சண்டைக்கு நடுவே பீரங்கி சிக்கிக்கொள்ளும்.

1965 செப்டம்பர் 3, இந்திய-பாகிஸ்தான் போர். பதான்கோட்டிலிருந்து கிளம்பிய மிஸ்டேர் விமானங்கள் ரேடாரில் படும்படி உயரத்தில் போயின. அவைதான் தூண்டில் புழு. பின்னால் தரையை ஒட்டி நேட்கள். சேபர்கள் இரைக்கு வந்ததும் நேட்கள் மேலெழும்பின. நேட் விமானி ட்ரெவர் கீலர் ஒரு சேபரைச் சுட்டார். வீர் சக்ரா கிடைத்தது, நேட்டுக்கு ‘சேபர் கொல்லி’ என்ற பெயரும் ஒட்டிக்கொண்டது. அந்த சேபர் அடிபட்டாலும் தரையிறங்கிவிட்டது என்கிறது பாகிஸ்தான் தரப்பு. போகட்டும், பெயர் நிலைத்துவிட்டது. அதே நாளில் ஒரு நேட் வழி தவறிப் பாகிஸ்தானின் பஸ்ரூரில் இறங்கியது. கராச்சி அருங்காட்சியகத்தில் இருப்பது அதுதான். இத்தனையும் நடந்தபோது பெட்டர் விமானத் தொழிலையே விட்டுவிட்டு, ஐரோப்பாவில் ஒரு மதக்குழுவோடு வாழப் போயிருந்தார்.

1971 நவம்பர் 22 அன்று கிழக்கு எல்லையில் உள்ள பொய்ராவில் மாசி, கணபதி, லாசரஸ், சோரஸ் என்ற நேட் விமானிகள் நால்வரும் மூன்று சேபர்களைச் சாய்த்ததாக இந்தியக் கணக்கு. நால்வரும் உயிரோடு திரும்பினார்கள். பிடிபட்ட எதிரி விமானி ஒருவர், பர்வேஸ் மெஹ்தி குரேஷி, பின்னாளில் பாகிஸ்தான் விமானப்படைக்கே தளபதியானார்.

திரும்பாதவர் நிர்மல்ஜித் சிங் சேகோன். டிசம்பர் 14, ஸ்ரீநகர். ஓடுபாதையில் குண்டு விழுந்துகொண்டிருக்கும்போதே நேட்டை மேலே எழுப்பினார். கூடப் பறந்தவர் பார்வையிலிருந்து விலகிவிட, ஆறு சேபர்களுக்கு ஒற்றை ஆள். விழுவதற்கு முன் இரண்டைச் சுட்டுவிட்டார் என்கிறது இந்தியத் தரப்பு. விமானப்படையில் பரம் வீர் சக்ரா பெற்றவர் அவர் ஒருவரே.

அவருடைய 18-ஆம் ஸ்குவாட்ரன் 1965-இல் நேட்டோடு தொடங்கியது. இடையில் சில வருஷம் செயல்படாமல் கிடந்து, 2020 மே 27 அன்று நம் சூலூரில் மறுபடி பணிக்கு வந்தது. இந்த முறை அதற்குக் கிடைத்தது தேஜஸ். அதுவும் எடை குறைந்த ரகம்தான், கட்டியதும் அதே எச்.ஏ.எல். அன்றைக்குத் தேஜஸில் ஏறிப் பறந்தவர் அப்போதைய விமானப்படைத் தளபதி பதௌரியா.