ஆம்பர்க்கில் பிறந்த ஐயம்

"புரோட்டானைக் கண்ணால் கண்டவர் யார், ஐயா?"

வகுப்பிலே ஒரு மாணவன் கேட்டான். கண்டவர் எவருமிலர் என்றேன். "காணாத ஒன்றை நம்பச் சொல்கிறீர்களே!" என்றான் அவன். வகுப்பு சிரித்தது, நான் சிரிக்கவில்லை. வரலாறு பயின்று பட்டம் பெற்றவன் நான். அறிவியல் ஆசிரியர் விடுப்பிலிருந்தமையால் அன்று அங்கு நின்றவன். ஆயினும் அவனுடைய கேள்விக்கு விடை வரலாற்றிலும் உண்டு. தேடினேன்; கிடைத்ததை இங்கே வைக்கிறேன். நம்புங்கள் என்று சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

1919இல் ரூதர்ஃபோர்டு, நைட்ரஜன் அணுக்கருவைத் தாக்கி அதிலிருந்து ஐதரசன் கரு வெளிப்படுவதைக் கண்டறிந்து கூறினார். அடுத்த ஆண்டே அதற்குப் புரோட்டான் என்ற பெயர் வந்தது. எலக்ட்ரானைப் போலவே இதுவும் உறுப்பற்ற ஒரு புள்ளி என்று அறிஞர் கருதினர். 1928இல் டிராக் வகுத்த சமன்பாடு, அத்தகைய புள்ளியின் காந்த வலிமை எவ்வளவு என்பதையும் கூறிற்று. அந்தக் கணக்கின்படி புரோட்டானுக்கு உரியது 1 அணுக்கரு மாக்னெட்டான். விடை தெரிந்த கணக்கை அளந்து பார்ப்பானேன் என்று கேட்டனர் ஏட்டறிஞர் பலர்.

செருமனியின் ஆம்பர்க் நகரில் ஓட்டோ ஸ்டெர்ன் என்பார் அளந்து பார்த்தார். ஐதரசன் மூலக்கூறுகளை மெல்லிய கதிராக்கி, சீரற்ற காந்தப் புலத்தின் ஊடே விடுத்து, கதிர் எவ்வளவு விலகுகிறது என்று பார்ப்பது அவர் முறை. மயிரிழையினும் நுண்ணிய விலகல் அது! உடன் உழைத்தவர்கள் ஃபிரிஷ், எஸ்டர்மான் என்னும் இருவர். 1933இல் விடை வந்தது. ஒன்றன்று, ஏறத்தாழ இரண்டரை. (இன்று நாம் அறிந்த அளவு 2.79.) சமன்பாடு பொய்த்ததா? இல்லை. புள்ளி என்ற எண்ணம் பொய்த்தது. புரோட்டானுக்குள் ஏதோ இருக்கிறது, ஏதோ இயங்குகிறது என்று உலகுக்குச் சொன்ன முதற் சான்று அதுவே.

அதே 1933இல் இட்லர் ஆட்சிக்கு வந்தான். ஏப்ரல் 7ஆம் நாள், யூதரை அரசுப் பணியினின்று நீக்கும் சட்டம் பிறந்தது. ஃபிரிஷும் எஸ்டர்மானும் வேலை இழந்தனர். முதல் உலகப் போரில் பணியாற்றியவர் என்பதால் ஸ்டெர்னுக்கு விலக்குண்டு, ஒட்டிக்கொண்டிருந்திருக்கலாம். அவர் இருக்கவில்லை. பதவியைத் துறந்து அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகர் சென்றார். பிறப்பை அளந்து மனிதனைத் தள்ளிய ஆட்சி, புரோட்டானை அளந்த கைகளையும் தள்ளிற்று. 1943ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசு ஸ்டெர்னுக்குக் கிடைத்தது. ஆம்பர்க்கிலிருந்த அவரது கூடமோ சிதறிப்போனது.

இடைப்பட்ட காலத்தை விரைந்து கடப்போம். 1950களில் ஆப்ஸ்டாட்டர் எலக்ட்ரான்களை எய்து புரோட்டானின் பருமனை அளந்தார். 1964இல் கெல்மானும் சுவைக்கும் தனித்தனியே குவார்க்குகளை முன்மொழிந்தனர். 1968இல் ஸ்டான்ஃபோர்டில் அவற்றின் தடம் கிடைத்தது.

நம் கதைக்கு வேண்டியது வேறொன்று. 1965, 66இல் சோவியத் நாட்டின் கெராசிமோவும் அமெரிக்காவின் டிரெல், ஏர்ன் இருவரும் ஒரே விதியைத் தனித்தனியே கண்டனர். பகை நாடுகள் இரண்டிலும் கணக்கு ஒன்றுதான்! ஒளித்துகளும் சுழல்கிறது, புரோட்டானும் சுழல்கிறது. இரண்டின் சுழற்சியும் ஒரே பக்கம் நோக்கும்போது புரோட்டான் ஒளியை ஓரளவு விழுங்கும்; எதிரெதிரே நோக்கும்போது வேறோர் அளவு விழுங்கும். இவ்விரண்டின் வேறுபாட்டை ஒவ்வோர் ஆற்றலிலும் எடுத்து, அவ்வாற்றலால் வகுத்து, எல்லாவற்றையும் கூட்டினால் வரும் தொகை, ஸ்டெர்ன் கண்ட காந்த மிகுதியின் இருமடிக்கு ஏற்ப அமையும் என்பது விதி. மிகுதியே இல்லாத புள்ளியாயின் தொகை சுழியாகிவிடும். புரோட்டானுக்கு மிகுதி 1.79. எனவே தொகை 205 மைக்ரோபார்ன் வரவேண்டும். (பார்ன் என்றால் ஆங்கிலத்தில் களஞ்சியம். அணுக்கருவின் பரப்பை அளக்க இப்பெயரைச் சூட்டிய அறிஞர்களின் குறும்பைப் பாருங்கள்!)

விதி பிறந்தும் முப்பது ஆண்டுகள் அதை நேரே சோதிப்பாரில்லை. சுழற்சி ஒழுங்குபட்ட ஒளியும் வேண்டும், சுழற்சி ஒழுங்குபட்ட புரோட்டானும் வேண்டும். இரண்டும் ஓரிடத்தில் வாய்த்தது 1998இல், செருமனியின் மைன்ஸ் நகரில்.

காலியம் ஆர்சனைடுப் படிகத்தின் மீது வட்டமாய்ச் சுழலும் லேசர் ஒளியைப் பாய்ச்சினால் சுழற்சி ஒழுங்குள்ள எலக்ட்ரான்கள் கிளம்பும். அவற்றை முடுக்கி மெல்லிய தகட்டில் மோதவிட்டால் தம் ஒழுங்கை ஒளித்துகளுக்கு ஈந்துவிட்டுத் தளரும். தளர்ந்த எலக்ட்ரானிடம் எஞ்சிய ஆற்றலை அளந்தால், பறந்த ஒளித்துகளின் ஆற்றல் தெரியும். செலவு போக மீதியைப் பார்த்துச் செலவை அறியும் வீட்டுக் கணக்குத்தான்! இலக்கு, பியூட்டனால் என்னும் சாராய வகை. அதைத் தனிச் சுழியிலிருந்து டிகிரியில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே உறையவைத்து, காந்தத்தாலும் நுண்ணலையாலும் அதன் புரோட்டான்களை ஒரே திசை நோக்க வைத்தனர். சாராயம் ஒழுங்கு காத்த இடம் இதுவொன்றே போலும்.

கண்டதென்ன? 150 மெகா எலக்ட்ரான் வோல்ட்டை ஒட்டிப் பையான் பிறக்கத் தொடங்கும் இடத்தில் எதிரெதிர்ச் சுழற்சியே மிகுதியாய் விழுங்கப்பட்டது. 340ஐ அணுகியதும் நிலை தலைகீழாயிற்று. அங்கே ஒன்றும் அரையும் கூடி ஒன்றரைச் சுழற்சி கொண்ட டெல்டா என்னும் கிளர்ந்த நிலை பிறக்கிறது. பின்னர் பான் நகரின் முடுக்கி 2900 வரை அளந்தது. அளந்த பகுதியின் கூட்டு 254. அளக்கவியலாத இரு ஓரங்களின் மதிப்பீட்டைக் கழித்தால் ஏறத்தாழ 212. அளவீட்டுப் பிழைக்குள் 205உடன் அது பொருந்திற்று. ஸ்டெர்னை இழந்த செருமனியிலேயே, அவர் 1969இல் மறைந்து பல ஆண்டுகள் கழித்து, அவர் எண்ணுக்குச் சான்று கிடைத்தது.

இவ்வளவையும் மறுவாரம் வகுப்பில் சொன்னேன். பையன் அமைதியாகக் கேட்டிருந்தான். முடித்ததும் எழுந்து, "மின்னூட்டமே இல்லாத நியூட்ரானுக்கும் காந்தம் உண்டா, ஐயா?" என்றான்.

உண்டு, 1.91, எதிர்த் திசையில். ஆனால் நியூட்ரானைத் தனியே வைத்தால் ஏறத்தாழ கால் மணி நேரத்தில் சிதைந்துவிடும். அதை இலக்காக்க இயலாது. ஆகவே பியூட்டனாலின் ஐதரசனுக்குப் பதில் டியூட்டீரியத்தை வைத்து, புரோட்டானோடு பிணைந்த நியூட்ரானை மைன்சில் அளந்தனர். கூட்டிலிருந்து புரோட்டானின் பங்கைப் பிரித்தெடுப்பது எப்படி என்பதை அறிவியல் ஆசிரியரிடம் கேட்கச் சொல்லியிருக்கிறேன். அவர் திங்கட்கிழமை வருகிறார்.