டெர்ஃபெனடினும் மருந்து இடைவினை ஆய்வின் வளர்ச்சியும்

ஒரு மருந்து இன்னொன்றின் போக்கை மாற்றும் என்பதை மருத்துவம் முதலில் நன்மைக்கே பயன்படுத்தியது. பெனிசிலின் சிறுநீரகம் வழியாக விரைந்து வெளியேறுவதைத் தடுக்க, அதனுடன் புரோபெனெசிட் சேர்த்துக் கொடுக்கப்பட்டது. இதன் ஆபத்தான பக்கம் 1963இல் பேசுபொருளானது. மனச்சோர்வுக்கு மருந்து உட்கொண்ட சிலருக்கு, பாலாடைக்கட்டி தின்றதும் மண்டை பிளக்கும் தலைவலி வந்தது, இரத்த அழுத்தம் எகிறியது. பாலாடைக்கட்டியிலுள்ள டைரமினைச் சிதைக்கும் நொதியை அந்த மருந்து முடக்கியிருந்ததே காரணம். லண்டன் மருத்துவர் பாரி பிளாக்வெல் இதை லான்செட் இதழில் எழுதினார்.

ஏறத்தாழ அதே காலத்தில், 1962இல், ஜப்பானிய அறிஞர்கள் ஓமுராவும் சாட்டோவும் கல்லீரலில் காணப்பட்ட ஒரு நிறமிக்கு பி450 என்று பெயரிட்டனர். மருந்துகளில் பெரும்பகுதியைச் சிதைக்கும் நொதிக் குடும்பம் அது. ஆனால் எந்த நொதி எந்த மருந்தைச் சிதைக்கிறது என்று பிரித்தறியும் வேலை 1980களில்தான் சூடுபிடித்தது. ஆய்வுக்கூடம் அறிந்ததற்கும் மருந்துச்சீட்டு எழுதியவர் அறிந்ததற்கும் இடையிலிருந்த இந்த இடைவெளிதான் உயிர்களைப் பறித்தது என்பது என் கருத்து.

அதற்கு ஓர் எடுத்துக்காட்டான ஒவ்வாமை மருந்து டெர்ஃபெனடின் 1985இல் அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. தும்மலையும் அரிப்பையும் அடக்கும், ஆனால் தூக்கம் வராது. அதனால் விற்பனை பெருகியது. உண்மையில் வேலை செய்தது விழுங்கிய மருந்தல்ல; சிஒய்பி3ஏ4 என்ற நொதி குடலிலும் கல்லீரலிலும் அதை மாற்றித் தரும் பொருள்தான். மாறாத டெர்ஃபெனடின் இரத்தத்தில் அநேகமாகத் தென்படுவதே இல்லை. நொதி முடங்கினால் என்ன ஆகும் என்பது 1990இல் தெரிந்தது. பூஞ்சைத் தொற்றுக்குரிய கீட்டோகோனசோலையும் சேர்த்து உட்கொண்ட 39 வயதுப் பெண்ணொருவர் மயங்கி விழுந்தார். அவருடைய இதயத்துடிப்பு ஆபத்தான முறையில் தாறுமாறாகியிருந்தது. மாறாமல் தேங்கிய மருந்து, இதயத் தசையின் பொட்டாசியம் வாயில்களை அடைத்ததைப் பிந்தைய ஆய்வுகள் காட்டின. எரித்ரோமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லியும் இதே நொதியை முடக்கும். இந்த மருந்துகள் அனைத்தும் தனித்தனியே முறைப்படி அனுமதி பெற்றவை என்பதை இங்கு அழுத்திச் சொல்ல வேண்டும்.

உணவும் விலக்கில்லை. கனடாவில் டேவிட் பெய்லி குழுவினர் மதுவையும் மருந்தையும் சேர்த்து ஆராய்கையில் மதுவின் சுவையை மறைக்க கிரேப்ஃபுரூட் சாறு கலந்து கொடுத்தபோது, ஃபெலோடிபின் என்ற இரத்த அழுத்த மருந்தின் அளவு இரத்தத்தில் எதிர்பாராமல் ஏறியது. 1989இல் வெளியான அந்தக் கண்டுபிடிப்பு தற்செயலானது. குடலிலுள்ள அதே சிஒய்பி3ஏ4 நொதியைச் சாறு செயலிழக்கச் செய்வது பின்னர் தெளிவாயிற்று.

டெர்ஃபெனடின் பெட்டியில் 1992இல் கடும் எச்சரிக்கை அச்சிடப்பட்டது. எச்சரித்த பிறகும் நொதியை முடக்கும் மருந்துகள் அதனுடன் சேர்த்து எழுதப்பட்டன. உடலில் உருவாகும் பயனுள்ள பொருளையே ஃபெக்சோஃபெனடின் என்ற தனி மருந்தாக்கி 1996இல் அனுமதித்தபின், பழையதற்குத் தேவை இல்லாமற்போனது. 1998இல் அமெரிக்காவில் அதன் விற்பனை முடிவுக்கு வந்தது. இதே நொதிச் சிக்கலால் மிபெஃப்ராடில் என்ற இரத்த அழுத்த மருந்தும் அவ்வாண்டே விலக்கப்பட்டது.

இன்று புதிய மருந்து எந்த நொதியால் சிதைகிறது, எந்த நொதியை முடக்குகிறது, இதயத்தின் பொட்டாசியம் வாயிலைத் தொடுகிறதா என்று அனுமதிக்கு முன்பே சோதிக்கிறார்கள். ஆனால் நம் வீட்டு மருந்துப் பெட்டியில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்பது எந்தச் சோதனைக்கும் தெரியாது. கடையில் கேட்டு வாங்கிய மாத்திரை உட்பட அனைத்தையும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.